பாக்கெட் சாமையும் அம்மாவின் முறமும்

'கடையில் வாங்கும் சாமை அரிசியில் பழைய ருசி இல்லை. சில சமயம் லேசாகக் கசக்கவும் செய்கிறது. பிள்ளைகள் ஒரு வாய்க்கு மேல் தொடுவதில்லை. ரகம் மாறிவிட்டதா, நான் சமைக்கும் முறையில் தவறா?' என்று பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேள்வி-பதில் பகுதிக்கு எழுதியிருந்தார். பதில் எழுதச் சொல்லி எனக்கு அனுப்பி வைத்தார்கள். வழக்கமாக இந்த மாதிரிக் கேள்விக்கு ஐந்து வரி போதும். ஆனால் அந்தக் கடிதம் வந்த வாரம் எங்கள் வீட்டுத் தட்டிலேயே அதே கேள்வி கிடந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். சகோதரி பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஏற்காடு ஒண்டிக்கடைக்கு மேலே போகும் ஒரு சந்தில்தான் எங்கள் வாடகை வீடு. பேர்தான் ஒண்டிக்கடை. சனி, ஞாயிறு வந்தால் கடைக்கும் காருக்கும் நடுவில் ஆள் நடக்க இடம் இருக்காது. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வருகிறவர்கள், பனிமூட்டத்தில் நின்று மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டுத்தான் ஏரிக்கே போவார்கள். மலையில் வேலை பார்க்கிற எங்களைப் போன்றவர்களுக்கு விடுமுறை என்றால் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருப்பதுதான்.

என்னோடு அம்மாவும் இருக்கிறார். வயது 81. புரட்டாசியில் காய்ச்சல் வந்து படுத்தார். காய்ச்சல் நாலு நாளில் விட்டுவிட்டது, சாப்பாடுதான் திரும்பவில்லை. காலையில் அரை இட்லி, மத்தியானம் ரசம் சோறு மூன்று வாய், ராத்திரி 'வேண்டாம் கண்ணு'. 46 கிலோ இருந்தவர் 41-க்கு வந்துவிட்டார். சேலத்தில் காட்டினோம். ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்துவிட்டு, "பெரிய நோவு எதுவும் இல்லை. எப்படியாவது சாப்பிட வையுங்க. இப்படியே போனா படுக்கையில விழுந்துடுவாங்க" என்றார் டாக்டர். எப்படியாவது என்பதற்கு மருந்துச்சீட்டு இல்லை.

பால் கொடுத்தோம், சத்து மாவு கரைத்தோம், ஆட்டுக்கால் சூப் வைத்தோம். எல்லாவற்றையும் ஒரு மடக்கு குடித்துவிட்டுக் கீழே வைத்தார். ஒரு ராத்திரி நானாகக் கேட்டேன், "அம்மா, வாய்க்கு என்னதான் வேணும்? சொல்லு, செஞ்சு தரேன்." கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு சொன்னார்: "சாமைன்னா குடிப்பேன்."

இதில் இரண்டு சொல் இருக்கிறது. நான் ஒன்றைத்தான் காதில் வாங்கினேன்.

மறுநாளே ஒண்டிக்கடையில் மளிகைக் கடையில் ஒரு கிலோ சாமை பாக்கெட் வாங்கினேன். வெள்ளை வெளேர் என்று அழகாக இருந்தது. குக்கரில் ஒன்றுக்கு இரண்டரை தண்ணீர் வைத்து, பொலபொலவென்று சாதம் வடித்து, மொச்சைக்கொட்டைக் குழம்பு வைத்தேன். என் சின்ன வயதில் பெரிய விருந்து அதுதான். சேர்வராயன் மலையின் மேற்கு அடிவாரத்தில், காடையாம்பட்டி பக்கம் எங்கள் மானாவாரிக் காடு. சாமை, கொள்ளு, மொச்சை, துவரை தவிர வேறு அதிகம் விளையாது. தாத்தா காட்டிலிருந்து வந்து உட்கார்ந்தால், தட்டில் சாமைச் சோற்றைக் குவித்து, நடுவில் குழி பறித்து, அம்மா குழம்பு ஊற்றுவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கும் கொஞ்சம் வரும். அந்த வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது.

அம்மா ஒரு வாய் எடுத்தார். மென்றார். என் மனம் நோகக் கூடாது என்று இன்னொரு வாய் எடுத்தார். பிறகு தட்டை நகர்த்தி வைத்து, "இது சாமை இல்லப்பா" என்றார்.

நானும் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். சாமைதான். ஆனால் ரவை மாதிரி இருந்தது, ருசி என்று ஒன்றும் இல்லை. நாக்கின் பின்பக்கம் லேசாக ஒரு காறல். பென்னாகரம் சகோதரி எழுதிய அதே கசப்பு.

இதற்குக் காரணம் எனக்கு நன்றாகத் தெரியும். விவசாயக் கூட்டங்களில் நானே சொல்லியிருக்கிறேன். சாமைக்கு வெளியே ஒரு கெட்டியான உமி. அதற்குள்ளே அரிசியை ஒட்டி ஒரு மெல்லிய தவிடு. உமியோடு இருக்கும் வரை சாமை வருடக்கணக்கில் கெடாது. பஞ்சத்துக்கு என்று குதிரில் போட்டு வைத்தது அதனால்தான். உமியை நீக்கிய நாளிலிருந்து கணக்கு மாறிவிடும். தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. காற்றுப் பட்டால் அது சிக்கு வாடை அடிக்கும், கசக்கும். உமி நீக்கி இரண்டு மூன்று மாதம் ஆன அரிசியில் இந்தக் கசப்பு வந்துவிடலாம். வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். வியாபாரிக்கு இது நஷ்டம், அதனால் தவிட்டையும் சேர்த்துத் தீட்டிவிடுகிறார்கள். அரிசி வெள்ளையாகும், நாள்பட நிற்கும், சீக்கிரம் வேகும். ருசியும் நார்ச்சத்தும் தவிட்டோடு போய்விடும். அரைகுறையாகத் தீட்டிய அரிசி கடையில் மாதக்கணக்கில் கிடந்தால் இரண்டும் கெட்டது. ருசியும் இருக்காது, கசப்பும் வரும். ஆகவே சகோதரி, ரகத்தின் மேல் பழி இல்லை, உங்கள் கைமேலும் இல்லை. பாக்கெட்டில் நீங்கள் பார்க்க வேண்டியது உமி நீக்கிய தேதி. பல பாக்கெட்டில் பொட்டலம் கட்டிய தேதிதான் இருக்கும். அது வேறு, இது வேறு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பாக்கெட்டுகளில் 100 கிராம் சாமையில் 9.3 மில்லிகிராம் இரும்புச்சத்து என்று போட்டிருப்பார்கள். நானும் பல வருடம் அதைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அது பழைய அட்டவணை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட புதிய அட்டவணையில் அது ஒன்றே கால் மில்லிகிராம்தான். புரதம் 10 கிராம், நார்ச்சத்து ஏழரை கிராமுக்கு மேல். அந்த வகையில் நல்ல தானியம். ரத்தசோகைக்குச் சாமையை மட்டும் நம்பி முருங்கைக்கீரையை விட்டுவிடாதீர்கள்.

சரி, காரணம் தெரிந்துவிட்டது. உமியோடு சாமை எங்கே கிடைக்கும்? அதற்கு எனக்கு ஒரே ஒரு ஆளைத்தான் நினைவு வந்தது. அவரிடம் போய்க் கேட்கக் கூச்சமாகவும் இருந்தது.

1998-ல் இந்த மலையில் எனக்கு முதல் முறை வேலை. கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்த வேகம். நாகலூரைத் தாண்டி ஒரு மலைக்கிராமம், மலையாளி மக்கள் இருக்கும் ஊர். அங்கே ஒருவர் இரண்டு ஏக்கரில் சாமையும் ராகியும் போட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினேன். ஏக்கருக்கு இருநூறு, முந்நூறு கிலோ சாமை, அதற்கு என்ன விலை, எத்தனை நாள் வேலை. பக்கத்தில் சில்வர் ஓக் நட்டு, பன்னியூர் 1 மிளகுக் கொடி ஏற்றி, கீழே காபி போட்டால் என்ன வரும். 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்ததிலிருந்து எஸ்டேட்காரர்கள் பிழைக்கிறார்கள், நீங்கள் ஏன் பிழைக்கக் கூடாது என்றும் கேட்டேன். கணக்கு சரியான கணக்குத்தான். அவர் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். மறுவருடம் சாமைக்காடு தோட்டமானது.

அடுத்த சனிக்கிழமை. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் வெள்ளிக்கிழமை ராத்திரியே வந்துவிட்டாள். சேலத்தில் இறங்கும்போது அரைக் கிலோ தட்டுவடை வாங்கி வந்திருந்தாள். அவளுக்கு வீடு என்றால் தட்டுவடை செட்டுதான். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், ஒரு பக்கம் காரச் சட்னி, ஒரு பக்கம் புதினாச் சட்னி. கோயம்புத்தூரில் கிடைப்பது சேலத்து ருசி இல்லை என்று அவளுக்கும் ஒரு குறை. 'நீயும் உன் ஆயாவும் ஒரே ரகம்' என்று சொல்லிவிட்டு, அவளை அம்மாவோடு வைத்துவிட்டு, நானும் வீட்டுக்காரரும் பைக்கில் நாகலூர்ப் பக்கம் கிளம்பினோம். கார்த்திகை மாதத்துப் பனி, பத்தடிக்கு அப்பால் தெரியவில்லை.

பெரியவர் அடையாளம் கண்டுகொண்டார். "வாங்கம்மா, ஆபீசரம்மா" என்று திண்ணையைத் துடைத்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார்.

"நீங்கதானேம்மா விடச் சொன்னீங்க?"

எனக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. அவரே தொடர்ந்தார்.

"தப்பா சொல்லலீங்க. மெளகு வித்த காசுலதான் பையன் காலேஜ் போனான். ரேஷன்ல அரிசியும் வந்திடுச்சு. எங்க வீட்டுப் பொம்பளைங்க உரலைக் கவுத்து வச்சிட்டு, உங்க பேரச் சொல்லி சந்தோசப்பட்டாங்க."

அவர் சொன்னதில் ரேஷன் பங்கு பெரிது. 2008-ல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூனிலிருந்து இலவசம். வேக வைத்தால் சோறாகிற அரிசி வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் கிடைக்கும்போது, குத்தினால்தான் சோறாகும் என்கிற தானியத்தை யார் விதைப்பார்கள்? காட்டெருமை வேறு இறங்கிவிட்டது. தனித் தீவாக ஒரு சாமைக்காடு இருந்தால் ஒரே ராத்திரியில் முடித்துவிடும்.

ஆனாலும் பெரியவர் வீட்டுப் பின்னால் பத்து சென்டில் சாமை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். விதை அற்றுப் போகக் கூடாது என்று அவர் அப்பா சொல்லிவிட்டுப் போனாராம். இந்த வருடம் பாதியைக் காட்டெருமை மிதித்தது போக, பத்துப் படி மிஞ்சியது. அடுப்புக்கு மேலே பரணில், புகை படும் இடத்தில் வைத்திருந்தார். அதிலிருந்து மூன்று படி அளந்து என் துணிப்பையில் கொட்டினார். பணம் கொடுக்கப் போனேன். "வெலைக்கு இல்லீங்க" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

பதிலுக்கு ஒன்று கேட்டார். மிளகுக் கொடி பத்துப் பன்னிரண்டு திடீரென்று வாடுகிறதாம், வந்து பார்க்க முடியுமா என்று. போய்ப் பார்த்தேன். இலை கறுத்து உதிர்ந்து, அடித்தண்டு அழுகி, தொட்டால் கையோடு வருகிறது. வேகவாடல். 25 வருடத்துக்கு முன் நான் நடச் சொன்ன கொடி. செத்த கொடிகளை வேரோடு எடுத்து எரிக்கவும், தண்ணீர் தேங்காமல் வடிகால் எடுக்கவும், மீதிக் கொடிகளுக்கு ஒரு சத போர்டோ கலவை (ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர்) தெளித்து, தூரில் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு இரண்டரை கிராம் கலந்து ஊற்றவும் எழுதிக் கொடுத்தேன். இதை மழைக்கு முன்பே செய்திருக்க வேண்டும். இப்போது செய்வது மீதியைக் காப்பாற்றத்தான். அவருக்கும் அது தெரிந்திருந்தது. ஒன்றும் சொல்லாமல் சீட்டை மடித்து வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து முதலில் மிக்ஸியில் முயற்சி செய்தோம். ஒரு கைப்பிடி போட்டு, விட்டு விட்டு ஓட்டினால் உமி கழலும் என்று மகள் போனில் பார்த்துச் சொன்னாள். கழன்றது. பாதி மாவாகவும் ஆனது. மூன்று தடவை பார்த்துவிட்டு நிறுத்தினோம். வீட்டு உரிமையாளர் கொல்லையில் துளசிச் செடி வைத்திருந்த பழைய கல் உரல் ஒன்று கிடந்தது. துளசியைத் தற்காலிகமாக வாளிக்கு மாற்றி, உரலைக் கழுவிக் காய வைத்தோம். உலக்கைக்குப் பக்கத்து வீடுகளில் கேட்டு அலைந்தது தனிக் கதை. நாலாவது வீட்டில்தான் கிடைத்தது. அதில் அவர்கள் கொடி கட்டியிருந்தார்கள்.

பனிக்காலத்தில் இன்னொரு சங்கடம். தானியம் ஈரம் இழுத்தால் உமி கழலாமல் அரிசி நசுங்கும். வெயில் இல்லாததால் இரும்பு வாணலியில் கை பொறுக்கிற சூடு வரும்வரை லேசாகப் புரட்டி, ஆறவிட்டுக் குத்தினோம். ஒரு தடவைக்கு அரைக் கிலோவுக்கு மேல் உரலில் போடக் கூடாது. வீட்டுக்காரர் முப்பத்தைந்து வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். நூறு குத்து என்று எண்ணிக்கொண்டே ஆரம்பித்தார். அறுபதில் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டார். நான் வாங்கினேன். மகள் வாங்கினாள். மாறி மாறி இரண்டு கிலோ குத்தி முடிக்க ஒன்றரை மணி நேரம். ராத்திரி மூன்று பேரும் தைலம் தடவிக்கொண்டு படுத்தோம். ஓய்வெடுக்கத்தான் விடுமுறை என்று மகள் முனகினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை புடைக்க உட்கார்ந்தேன். முறம் எடுத்து நாலு தட்டு தட்டியதும், உமியோடு அரிசியும் தரையில் இறைந்தது. நான் பார்க்காத வேலை இல்லை என்று நினைத்திருந்தேன். புடைப்பது அதில் வரவில்லை போலிருக்கிறது. மறுபடி தட்டினேன். மறுபடி இறைந்தது.

அம்மா கட்டிலில் படுத்தபடி கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "ஏங்கண்ணு, கோழிக்கா போடற?" என்று குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் எழுந்து உட்கார்ந்திருந்தார். "இங்க குடு அதை."

மூன்று வாரமாகக் கழிவறைக்குப் போக மட்டும் கையைப் பிடித்து எழுப்பிவிடுவோம். இப்போது தானாகச் சுவரைப் பிடித்து வந்து, வாசல்படியில் காலை நீட்டி உட்கார்ந்தார். முறத்தை மடியில் வைத்துக்கொண்டார். மணிக்கட்டு மட்டும் அசைந்தது. மூன்று தட்டு, ஒரு இழுப்பு. உமி முன்னால் பறந்து விழ, அரிசி பின்னால் ஒதுங்கியது. முறத்தைக் கொஞ்சம் சாய்த்து, பக்கவாட்டில் ஆட்டினார். முழு அரிசி ஒரு பக்கம், உமி கழலாத சாமை ஒரு பக்கம், நொய் ஒரு பக்கம் தனித்தனியாகப் பிரிந்து நின்றது. இதைத்தான் கொழிப்பது என்பார்கள். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த நடுக்கம் முறத்துக்குள் போகவே இல்லை. மகள் போனில் படம் பிடித்தாள். எனக்குப் பார்க்க முடியவில்லை, அடுப்பைப் பார்க்கப் போகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

கொழித்துக்கொண்டே அம்மா பேசினார். கல்யாணமாகி வந்த புதிதில் விடியக்காலை மூன்று மணிக்குக் குத்த ஆரம்பித்தால் ஆறு மணிக்குத்தான் ஏழு பேர் சாப்பிட அரிசி தேறுமாம். கையில் கொப்புளம் உடைந்து, அதன்மேல் கொப்புளம் வருமாம். "நீ என்னமோ சாமை சாமைங்கற. எனக்கு அப்ப தீவாளிக்குப் போடற நெல்லுச் சோறுதான் கனாவுல வரும்" என்றார். நாகலூர்ப் பெரியவர் வீட்டுப் பெண்கள் உரலைக் கவிழ்த்துவைத்துச் சந்தோஷப்பட்டது நினைவுக்கு வந்தது. கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களிலிருந்து சிறுதானியத்தைக் காப்பாற்ற வேலை செய்தபோது, விதையோடு ஊருக்குள் உமி நீக்கும் இயந்திரமும் கொண்டுபோனார்கள். பெண்கள் கை வேலை குறையாமல் அந்தத் தானியம் நிலைக்காது என்பதைப் புரிந்து செய்த காரியம் அது. 2023-ஐ ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது நானும் பல மேடையில் பேசினேன். உலக்கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டு கிலோவில் தேறியது முழு அரிசி ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூட. நொய் கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மீதி உமியும் தவிடும். அரிசி பாக்கெட் மாதிரி வெள்ளையாக இல்லை. மங்கலான சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம்.

ராத்திரி ஊறப்போட்ட மொச்சையை வேகவைத்து, மல்லி, மிளகாய், சீரகம், தேங்காய், சின்ன வெங்காயம் வதக்கி அரைத்து, புளி கொஞ்சமாக விட்டுக் குழம்பு கூட்டினேன். சாமையைக் களைந்து, கல் அரித்து, அரை மணி ஊறவைத்து, சட்டியில் சோறாக்கினேன். (கல் அரிக்கத் தெரியாதவர்களுக்கு: இரண்டு அகலப் பாத்திரம் வேண்டும். ஒன்றில் அரிசியும் நிறையத் தண்ணீரும். பாத்திரத்தை மெதுவாக ஆட்டிக்கொண்டே மேலாக வரும் அரிசியைத் தண்ணீரோடு மற்றதில் சாய்த்துக்கொண்டே வாருங்கள். கடைசி ஒரு கரண்டி அரிசியோடு கல் அடியில் தங்கும். அந்த ஒரு கரண்டிக்கு ஆசைப்படாதீர்கள்.) மூடியைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. தாத்தாவின் தட்டு வாசனை. சாப்பிட உட்கார்ந்தோம். எனக்குத் தொண்டை அடைத்தது. மகள் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். வீட்டுக்காரர் தோள்வலியை மறந்துவிட்டார்.

அம்மா நாலு வாய் சாப்பிட்டார். "நல்லாருக்கு கண்ணு" என்றார். தட்டை நகர்த்தி வைத்தார்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. இத்தனை செய்தும் இவ்வளவுதானா? பாத்திரம் கழுவப் போனேன். ஓரமாகக் கிண்ணத்தில் நொய் இருந்தது. வீட்டு உரிமையாளரின் கோழிகளுக்குப் போடலாம் என்று எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"அதை எங்க எடுத்துட்டுப் போற?" என்றார் அம்மா.

"கோழிக்கு."

"அதுதான் கண்ணு நான் கேட்டது."

அப்போதுதான் அவர் சொன்ன இரண்டாவது சொல் எனக்குக் கேட்டது. குடிப்பேன் என்றார். சாப்பிடுவேன் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் முழு அரிசி தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும். பக்கத்தில் உட்கார்ந்த குழந்தை எனக்கும் அதில் பங்கு. குத்தினவர்களுக்கு நொய். எல்லோரும் காட்டுக்குப் போன பிறகு அம்மாவும் என் ஆயாவும் அடுப்படியில் உட்கார்ந்து நொய்க் கஞ்சி குடிப்பார்களாம். யாருக்கும் பரிமாற வேண்டியதில்லை, யாரும் கூப்பிட மாட்டார்கள். நாளில் அந்த அரை மணி நேரம்தான் உட்கார்ந்த நேரம். நான் இருபது வருடம் அந்த வீட்டில் வளர்ந்தேன். அம்மா என்ன சாப்பிட்டார் என்று பார்த்ததில்லை.

உடனே அடுப்பை மூட்டினேன். எப்படிச் செய்வது என்று அம்மாதான் கட்டிலில் இருந்து சொன்னார். ஒரு டம்ளர் நொய்க்கு ஆறு டம்ளர் தண்ணீர். தண்ணீர் கொதித்த பிறகுதான் நொய்யைப் போட வேண்டும், இல்லாவிட்டால் கட்டி தட்டும். நாலு பல் பூண்டு, அரைக் கரண்டி சீரகம், உப்பு. அடி பிடிக்கும், கையெடுக்காமல் கிண்ட வேண்டும். நொய் கரைந்து, கரண்டியில் எடுத்து ஊற்றினால் கோடு மாதிரி விழும் பதத்தில் இறக்க வேண்டும். கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறியதும் நீர்மோர் விட்டுக் கரைத்து, கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். அம்மாவுக்குப் பல் இல்லை, வெங்காயத்தை நசுக்கிப் போட்டேன்.

பெரிய டம்ளரில் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். நடுவில் நிறுத்தவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இன்னும் உப்புப் போட்டிருக்கலாம்" என்றார். மூன்று வாரத்தில் அவர் சாப்பாட்டில் குறை சொன்னது அதுதான் முதல் தடவை. இரண்டாவது டம்ளரில் பாதி குடித்தார். சாயங்காலம் மகள் தட்டுவடை செட்டு போட்டபோது, ஒன்றை நொறுக்கிக் கஞ்சியில் போடச் சொல்லி அதையும் தின்றார். இப்படி ஒரு செட்டு சேலத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காது என்று மகள் ஊருக்குக் கிளம்பும் வரை சொல்லிச் சிரித்தாள்.

சகோதரிக்கு இன்னும் இரண்டு வரி பாக்கி இருக்கிறது. ஜவ்வாதுமலை, கொல்லிமலைப் பக்கம் போகிறவர்கள் மூலம் உமியோடு சாமை கிடைத்தால் வாங்கி வையுங்கள். உமி நீக்கும் இயந்திரம் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள். மாதத்துக்கு வேண்டியதை மட்டும் உமி நீக்கிக்கொள்ளுங்கள். தீட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நொய்யை அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள், கேட்டு வாங்கி வாருங்கள். சொந்தமாகக் கொஞ்சம் நிலம் இருந்தால் ஆடிப்பட்டத்தில் பத்து சென்ட் விதைக்க அரைக் கிலோ விதை போதும். அத்தியந்தல் சிறுதானிய மகத்துவ மையம் வெளியிட்ட ஏ.டி.எல். 1 ரகம் 90 நாளுக்குள் வந்துவிடும். மானாவாரியில் ஹெக்டேருக்கு ஒன்றரை டன் வரை கிடைக்கும்.

பெரியவரிடம் வாங்கியதில் ஒரு கிலோவை உமியோடு தனியாகத் துணியில் கட்டி, அடுப்புக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். அது அவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய விதை. அதைத் தொடக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை அலுவலகம் கிளம்பிக்கொண்டிருந்தேன். செருப்பு மாட்டும்போது அம்மா கட்டிலில் இருந்து கூப்பிட்டார்.

"ஏங்கண்ணு, நொய் இன்னும் இருக்கா?"

"ரெண்டு வேளைக்கு இருக்கும்மா."

"அந்த ஆணியில தொங்கறதையும் குத்திட்டா?"